மலை, ரோடு

வடக்கே சிறுமலை. தெற்கே நாலுவழிச்சாலை.
நடுவில் எனக்கு ஒன்றேகால் ஏக்கர்,
பாதி சுக்கான்கல்.
வெரசுக்கு இடம் வலம் சொல்லிப் பார்த்தேன்.
எதிரே நின்றால் என் இடம் அவளுக்கு வலம்.
ஆறு நாள் இரண்டு பேருக்கும் தலைசுற்றல்.
ஏழாம் நாள் எரிச்சலில் கத்தினேன்: "மலை!"
கையை நீட்டிய பக்கம் ஓடினாள்.
"ரோடு!"
ரோட்டுப் பக்கம் வளைந்தாள்.
யார் எப்படித் திரும்பி நின்றாலும்
மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

அவள் தாய் கன்னி நாய்,
முயலைத் தவிர எதையும் மதிக்காதவள்.
அப்பன் யாரென்று
வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டைத்தான் கேட்க வேண்டும்.
"வேட்டைச் சாதி ஆடு மேய்க்குமாக்கும்"
என்றான் ஒச்சுக்காளை, என் வீட்டுக்காரன்.
தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.
எதையும் கண்ணாடியில் பின்னால் பார்த்தே பழக்கம்.

கிடா வந்தது வேறு வழி.
கச்சைகட்டிக் கருப்பு, முட்டுக்கு வளர்த்தது.
மூன்றாவது முட்டில் இடக்கொம்பு போக
கறிவிலைக்கு வந்தது.
மேலே முந்நூறு வைத்து வாங்கினேன்.
பெட்டைகள் பதினொன்றும் வெம்பூர்,
வெற்றிலை துப்பியதுபோல் மேலெல்லாம் செம்பொட்டு.
உயரம் இவளுகளிடம், சதைக்கட்டு அவனிடம்.
இரண்டும் ஒரே குட்டியில் இறங்கினால்
சொசைட்டிக் கடனை அடைத்துவிட்டு
சொசைட்டி வாசலிலேயே டீ குடிக்கலாம்.

எது சேர்ந்தது என்று தெரிய
கிடாவின் மார்பில் காவி பூசச் சொன்னார் டாக்டர்.
பொட்டு ஆட்டில் காவி எங்கே தெரியும்?
சொட்டு நீலத்தை
வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன்.
முதல் வாரம் நீலப் புட்டம் நாலு.
மறுவாரம் ஏழு.
ஒச்சுக்காளையின் வெள்ளை வேட்டியிலும் ஒரு நீலம்.
அதை நோட்டில் ஏற்றவில்லை.

கார்த்திகையில் விழுந்தன.
எல்லாம் கறுப்பென்று நினைத்திருந்தேன்.
ஏழு கறுப்பு, மூன்று புகைநிறம்,
ஒன்று முழு வெள்ளை, யாரைக் கேட்டு வந்ததோ.
கறுப்பில் ஒன்று விழுந்தபடியே கிடந்தது.
தாய் வெயில் ஏறும்வரை நக்கிக்கொண்டிருந்தது.
"ஆண், கறுப்பு, இல்லை" என்று எழுதினேன்.

மாசியில் வெரசு ஒரு குட்டியின் தொடையைப் பிடித்தாள்.
நாலு பல் பதிந்திருந்தது.
"ருசி கண்டுருச்சு, தள்ளிவிட்ரு."
மஞ்சளைக் குழைத்துக் குட்டிக்கு வைத்துவிட்டு
கிணற்றுக் கயிற்றை எடுத்தேன்.
ஓடுவதைத் துரத்துவது அவள் குடித்த பால்.
வளைத்து நிற்பது என் வாய்ச்சொல்.
இரண்டுக்கும் நடுவே மூன்று முழம்.
வாரம் ஒரு முழம் விட்டேன்.
சித்திரைக் கடைசியில்
கயிறு கிணற்றுக்குத் திரும்பிவிட்டது.

பக்ரீத்துக்குப் பத்து நாள் இருக்க
சிக்கந்தர் வேனோடு வந்தார்.
கிடாக்குட்டி ஆறின் முதுகையும் அழுத்திப் பார்த்தார்.
"என்ன சாதிம்மா இது?"
"இன்னும் பேர் வைக்கல."
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மனுஷன்,
என்னிடம் கால்குலேட்டரை நீட்டினார்.
நான் ஒரு முறை திருத்தினேன். அவர் ஒரு முறை.

பலகை சாய்த்தும் குட்டிகள் ஏறவில்லை.
வேன்காரப் பையன் ஒன்றின் பின்னங்காலை இழுத்தான்.
அது கதறிய கதறலில்
மேட்டில் இருந்த பெட்டைகள் அத்தனையும் திரும்பின.
"விடு தம்பி" என்றேன்.
வெரசு வயிறு தரையில் பட
என் வாயையே பார்த்திருந்தாள்.
இருக்கிறதே இரண்டு சொல்தான்.

"ரோடு."

பல் படவில்லை, குரைக்கவில்லை.
ஆறையும் பலகை ஏற்றிவிட்டு
காலடியில் வந்து நின்றாள்.
இத்தனை சுத்தமாக ஒருநாளும் செய்ததில்லை.
தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும்.
தட்டிக்கொடுத்தேன்.

வேன் திரும்பியதும் "மலை" என்றேன்.
போனாள். பாதியில் நின்று
நாலுவழிச்சாலையைப் பார்த்தாள்.
அங்கே ஆறு பாக்கி இருக்கிறது அவள் கணக்கில்.
இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ராத்திரி நோட்டில்:
பெட்டைக்குட்டி நாலு நிறுத்தியிருக்கிறது.
ஒற்றைக்கொம்பன் இவளுகளுக்கு அப்பன், ஆகாது.
வேறு கிடா பார்க்கணும்.
நீலம் ஒரு பாட்டில்.