பின்பக்கம் பார்ப்பவள்

மதுகர் பாவ் முன்னால் பார்ப்பார்.
நான் பின்னால் பார்ப்பேன்.
அதற்குத்தான் சம்பளம்.
அட்டையில் இஷா என்று போட்டிருக்கிறார்கள்,
இசக்கியம்மாளுக்கு அதில் இடம் போதவில்லையாம்.

மார்வே கழிமுகம்.
ஓதம் ஏறி நிற்கும் கொஞ்ச நேரம்தான் வியாபாரம்.
வற்றிவிட்டால் சேறு,
சேற்றில் நண்டும் பாலிதீன் பையும்.

நீலப் பீப்பாய்கள்மேல் பலகை பரப்பிக்
கூரையும் போட்ட மிதவைப் படகு.
கல்யாணப் பந்தல் கால் நனைக்க இறங்கின மாதிரி இருக்கும்.
வேகம் போகாது.
கயிற்றின் அந்த முனையில் கிடக்கும்
காற்றடைத்த சிவப்பு வளையத்திடம்
யாரும் அதைச் சொல்லவில்லை.
படகு சோம்பலாய்த் திரும்பும்,
வளையம் வெளிவட்டத்தில்
கவண்கல்லாய்ச் சீறும்.
பிள்ளைகள் போடும் கூச்சல்
அக்கரையில் பத்து நாள் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறவர்களின்
பொன் கோபுரத்தை முட்டிவிட்டு வரும்.

"கட்டைவிரல் மேலே என்றால் வேகம்.
கீழே என்றால் மெதுவாக.
தலையில் கை வைத்தால், நான் நன்றாக இருக்கிறேன்."
நாளைக்கு நாற்பது தடவை இந்தியில் சொல்கிறேன்.
தாராவியில் எங்கள் சந்தில்
தலையில் கை வைத்தால்
அர்த்தமே வேறு.

இன்று காட்கோபரிலிருந்து ஒரு குடும்பம்.
அக்கா ஹெத்வி, தம்பி நைதிக்,
பல்லில் கம்பி கட்டிய ஒரு மாமா மகன்.
முந்தின சவாரியின் வியர்வை காயாத ஜாக்கெட்டை
மூவருக்கும் நானே இறுக்கினேன்.
நைதிக்கின் விலா எலும்புகள் என் விரலில் எண்ணிக்கைக்கு வந்தன.
அப்பா படகில்,
கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போன்,
போனுக்குள் பிள்ளைகள்.

மூன்றாவது திருப்பத்தில் நைதிக் விழுந்தான்.

விழவில்லை. விட்டான்.
விழுகிற கை கடைசிவரை பிடிக்கும்,
தண்ணீருக்குள் போயும் பிடிக்கும்.
விடுகிற கை
விரல்களை முதலில் திறந்துவிடும்.
ஆறு வருஷமாக எனக்கு
இந்த ஒன்றுதான் நன்றாகத் தெரியும்.

கொடியைத் தூக்கினேன்.
இயந்திரம் அணைந்தது.
சட்டென்று
இவ்வளவு பெரிய ஊர் ஒன்று பக்கத்தில் இருப்பதே இல்லாமல் போனது.

நைதிக் மல்லாந்து கிடந்தான்.
காது இரண்டும் தண்ணீருக்குள்.
வானத்தில் விமானம் ஒன்று சாந்தாக்ரூஸ் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது,
அதையும் பார்க்கவில்லை, கண் மூடியிருந்தான்.
மெல்லக் கையைத் தூக்கித்
தலையில் வைத்தான்.

"எட்டு நிமிஷத்துக்குக் காசு கொடுத்தது
மிதக்கவா?" என்றார் அப்பா.
வளையத்திலிருந்து ஹெத்வி கத்தினாள்:
"குளியலறையிலும் இப்படித்தான்,
கதவைத் தட்டினால்தான் வருவான்."

கொடி மேலே இருக்கும்வரை இயந்திரம் ஓடக்கூடாது.
விதி என்னுடையது இல்லை,
கூரைத் தூணில் மராத்தியில் எழுதி ஒட்டியிருக்கிறது.
மதுகர் பாவ் கொடியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
உள்ளங்கையில் புகையிலையைக் கசக்க ஆரம்பித்தார்.
சுண்ணாம்பு கொஞ்சம் அதிகமாகவே சேர்த்தார்.

தோள் வலித்தது.
மனோரி தோணி ஒன்று மோட்டார் சைக்கிள்களோடு கடந்துபோனது.
அதன் அலை வந்து பையனைத் தூக்கிப் பார்த்து
இருந்த இடத்திலேயே வைத்தது.

அப்புறம் அவனாகவே நீந்தி வந்தான்.
ஏற்றிவிட்டபோது ஒன்றும் சொல்லவில்லை.
மூக்கு ஒழுகியது.
ஜாக்கெட் கொக்கியைக் கழற்றத் தெரியாமல்
என் முன்னால் வந்து நின்றான், அவ்வளவுதான்.

ராத்திரி மலாட் பஸ்ஸில்
பின்னோக்கிப் போட்டிருக்கும் இருக்கை எப்போதும் காலி,
குமட்டும் என்று யாரும் உட்காருவதில்லை.
நான் உட்கார்ந்தேன்.
கடைகள், சிக்னல்கள், ஒரு நாய், ஈரச் சாலை,
எல்லாம் கயிறு கட்டின மாதிரி பின்னால் வந்தன.
ஒன்றொன்றாய் விட்டன.

கை தன்னால்
கொடிக்கம்பைத் தேடியது.