வெட்டு முகம்

நில அளவைத் தாளில் அந்தக் குன்றுக்குப் பெயரில்லை.
உயரம் மட்டும்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
குடியாத்தம் சாலையில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினால்
சீமைக்கருவேலம், கைவிட்ட கிணறு ஒன்று,
அப்புறம் அது.

நிலவில் பொட்டுக் குழிக்கும் பெயர் உண்டு.
போன செமஸ்டரில் நாற்பதை மனப்பாடம் செய்தேன்.

மார்ச்சில் நானும் நஸ்ரீனும்
சுத்தியலும் திசைமானியுமாய் ஏறினோம்.
வேலூர் வெயில், காலை ஒன்பதுக்கே
உள்ளங்கை வைக்க முடியவில்லை பாறையில்.
வரி வரியாய் நைஸ்,
கிழக்கே அறுபது பாகை சாய்ந்து.
அதைக் குறுக்கே கிழித்து ஒரு டோலரைட் சுவர்,
கன்னங்கரேல் என்று.
இரண்டும் சேரும் இடம் மட்டும் தெரியவில்லை,
மேலே மண்ணும் ஆட்டுப் புழுக்கையும்.
புள்ளிக்கோடு போட்டேன். அப்படியென்றால்
'இங்கே எங்கோ இருக்கிறது, நான் பார்க்கவில்லை.'

கல்லின் மணி தெரிய நாக்கால் ஈரம் செய்தபோது
குவாரி காவலாளி முனிரத்தினம் வந்து நின்றார்.
"கல்ல நக்கினா இன்னாம்மா தெரியும்?"
"வயசு" என்றாள் நஸ்ரீன்.
"எவ்ளோ?"
"இருநூத்தம்பது கோடி."
"ரூபாயா?"

ஜூலையில் மறுபடி போனோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டைக் காணோம்.
பாதிக் குன்று,
பச்சைத் தண்ணீர் தேங்கிய குழி,
புளிய இலையெல்லாம் வெள்ளைத் தூசு.
என் குறிப்பேட்டின் பதினேழாம் இடம்
அந்தரத்தில் இருந்தது,
ஒரு காக்கை அதன் வழியே பறந்து போனது.

வருத்தம் முதலில் வந்தது என்று எழுத ஆசைதான்.
வரவில்லை.
முதலில் கண்ணில் பட்டது வெட்டு முகம்.
வெடி பிளந்த சுவரில், துடைத்து வைத்ததுபோல,
கறுப்பும் சாம்பலும் தொடும் கோடு.
ஓரத்தில் மணிகள் மாவாக,
உள்ளே போகப் போகப் பருத்து.
கொதித்து ஏறி வந்தது
குளிர்ந்த கல்லைத் தொட்ட மாத்திரத்தில்
தொட்ட வாக்கிலேயே உறைந்திருக்கிறது.
நடுவில் இருந்ததற்குத்தான்
வளர அவகாசம் கிடைத்திருக்கிறது.

நஸ்ரீன் கூவினாள். நானும் கூவினேன்.
பொக்லைன் ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்திவிட்டு
எங்களுக்குத் தங்கம் கிடைத்ததா என்று கேட்டார்.
அங்கேயே, முழங்காலில் தாளை வைத்து,
புள்ளிகளை இணைத்து முழுக்கோடாக்கினேன்.

கிரேஸ்லின் மேடம் இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்.
"இவ்வளவு சுத்தமான தொடர்பு எங்கே கிடைத்தது?"
சொன்னேன்.
அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.
பேனாவை மூடினார்.
அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று
நான் கேட்கவில்லை.

காட்பாடி, இரண்டாம் நடைமேடை, மாலை ஐந்தே முக்கால்.
தண்டவாளத்துக்கு நடுவே புதுசாய்க் கொட்டிய ஜல்லி.
சாம்பல், சாம்பல், சாம்பல்,
ஒன்று மட்டும் பாதி கறுப்பு.
குனிந்து பார்த்தேன்,
மணி தெரியும் தூரமில்லை.
ஜோலார்பேட்டை வண்டி அதன் மேல் வந்து நின்றது.
ஏறினேன்.
ஜன்னலோர சீட் கிடைத்தது.