நூற்று நாற்பது மீட்டர்

காலை ஏழரைக்கு
எதிர்ப்பள்ளியின் உறுதிமொழி
எங்கள் சமையலறைக்குள் வந்துவிடும்.
பழக்கத்தில் கை நெஞ்சுக்குப் போகிறது,
கரண்டியோடு.
அந்நேரம் நிறைமதி
பேருந்தில் ஐந்தாவது நிறுத்தம் தாண்டியிருப்பாள்.

பதிவுக்கு முந்தைய இரவு
வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினேன்.
வட்டத்தின் நடுவில் பள்ளி.
நடுவோடு ஒட்டிக்கொண்டு எங்கள் புளோக்.
நூற்று நாற்பது மீட்டர்.
ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை.
குணசீலன் கட்டைவிரலை உயர்த்திவிட்டுத்
தூங்கப் போனார்.

மறுநாள் பள்ளிக்குத் தொலைபேசினேன்.
பேசியவர் அன்பானவர்தான்.
தாய்மொழி என்னவென்று கேட்டார்.
தமிழ் என்றேன்.
மறுமுனையில் யாரோ ஸ்டேப்ளர் அடித்தார்கள்,
இரண்டு முறை.
"தாராளமா பதியலாம் மேடம், கதவு எல்லாருக்கும் திறந்ததுதான்.
தமிழ் மட்டும் இங்கே இல்லை."

கதவு திறந்துதான் இருந்தது.
யாரும் அதை எங்கள் முகத்தில் சாத்தவில்லை.
சாத்தியிருந்தால்
தட்டியாவது பார்த்திருக்கலாம்.

மூன்றாம் வகுப்பில்
பேருந்திலேயே தூங்கி
முனையம் வரை போய்விட்டாள் ஒருநாள்.
அவள் பள்ளிக்குப் பக்கமாகப் போய்விடுவோம் என்று
ஹவ்காங் வீட்டை விற்கப் போட்டோம்.

முதலில் வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி.
ஹுவெய் ஷானுக்கு எட்டு மாதம்.
குளியலறையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை,
நேராக நிறைமதியின் அறைக்குப் போய்
ஜன்னலில் நின்றாள்.
"இங்கிருந்தே தெரியுது பார்" என்றாள் கணவனிடம்.
அந்த அளவு மாண்டரின் எனக்குப் புரியும்,
லிப்டில் கற்றது.
வயிற்றில் ஒரு கை. திடலை நோக்கி ஒரு கை.
இன்னும் பெயரில்லாத ஒன்றுக்கு
இடம் பார்த்துவிட்டாள்.
அந்த வயிற்றின்மேல் எனக்கு வந்தது
பொறாமை என்பதை
வேறு சொல்லால் சொல்லத் தெரியவில்லை.

விலை படிந்தது. தேநீர்கூடப் போட்டேன்.
முகவர் ஜெரால்ட் லோ கைபேசியைத் தேய்த்தார்,
மறுபடி தேய்த்தார்.
இந்த மாதம் இந்த புளோக்கில்
சீனர் விகிதம் நிரம்பிவிட்டது.
"நீங்க சீனரா இருந்தா
இவங்களுக்கு விற்கலாம்" என்று சிரித்தார்.
சிரித்தபின்
நெடுநேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தியர் வாங்கலாம்.
வந்தார்கள். அதே ஜன்னலில் நின்றார்கள்.
"அங்கே தமிழ் இருக்கா?"
இல்லை என்றதும்
நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார்கள்.

திட்ட வாயெடுக்கிறேன்.
ஆனால் அதே விகிதம்தான்
பக்கத்து வீட்டில் ரோஸ்னாவைக் கொண்டுவந்து வைத்தது.
குணசீலன் இரவுப் பணியில் இருந்தபோது
எனக்குப் பனிக்குடம் உடைந்தது.
மருத்துவமனைக்கு என்னைக் கொண்டுபோனது
மீன்வாசம் அடிக்கும் அவள் புருஷனின் வேன்.
எண்ணிப் பார்க்க ஆளில்லாவிட்டால்
இந்த நடைவழி முழுக்க ஒரே தாளிப்பின் வாசனை அடித்திருக்கும்.
அது எங்களுடையதாக இருந்திருக்காது.

மாடிக்கு மாடி எங்களை எண்ணிய அந்த விரல்
சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகையில் மட்டும்
ஏன் மடங்கிக்கொண்டது?
இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்
மூங்கில் கழியில் சீருடையைக் கோக்கிறேன்.
எதிர்ப்பள்ளிச் சீருடையும் வெள்ளைதான்.
ஆறாவது மாடியிலிருந்து பார்த்தால்
வித்தியாசம் தெரியாது.

நேற்று இரவு ஹுவெய் ஷானிடமிருந்து செய்தி.
பெண் குழந்தையாம்.
விகிதம் மாறினால் சொல்லுங்கள் அக்கா,
இடைவேளையில் ரொம்பச் சத்தமா இருக்குமா?
குழந்தை தூங்குமா?

பத்து மணிக்கு அரைமணி நேரம், என்று அடித்தேன்.
ஜன்னலை மூடினால் பாதி குறையும்.
நாங்கள் மூடுவதில்லை.
பழகிவிடும்.

கடைசிச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு
அனுப்பினேன்.