யோ போடாத கேள்வி

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாவது பூத்.
ஃபாஸ்டேக் வந்ததிலிருந்து
கைக்கு வேலை குறைந்து
கண்ணுக்கு வேலை கூடிவிட்டது.
சில்லறை டப்பாவுக்கும் ரசீது மெஷினுக்கும் நடுவே
போனைச் சாய்த்து வைக்க ஓர் இடம் உண்டு.
சூப்பர்வைசர் திம்மராயனுக்கு அது தெரியும்.
அவர் போனில் கபடி.

இரவு ஒன்றரைக்கு
என் கொரியத் தெரு விழித்துக்கொள்கிறது.
நான் பிறப்பதற்கு முந்தின வருடம் அங்கே.
கம்பத்தில் மஞ்சள் பல்பு,
இடியாப்ப அச்சு மாதிரி ஓட்டை போட்ட கரிக்கட்டி,
கரண்ட் போனால் எல்லா வீட்டிலும் ஒரே திட்டு.
முள்ளங்கி ஊறுகாய் ஒரு தட்டு எதிர்வீட்டுக்குப் போகிறது;
தட்டு காலியாகத் திரும்புவதே இல்லை.
கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் மகள்
அப்பா என்று கூப்பிடும்போது மட்டும்
கீழே ஓடும் இங்கிலீஷ் எனக்குத் தேவைப்படுவதில்லை.

அந்த ஒரு சொல்லுக்கு
ஆறாவது பூத்திலிருந்து ருக்சானா எட்டிப் பார்த்தாள்.
"தமிழா ஓடுது?"
"இல்லடி, கொரியா."
"அப்பறம் ஏன் அழுவுற?"

என்ன சொல்ல.
எங்கள் அப்பாவுக்கு லாரி ஷெட்டில் வேலை.
பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்தால்
பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவோம்.
பர்கூரில் ஒரு வீடு, காவேரிப்பட்டணத்தில் மூன்று,
பழையபேட்டையில் கக்கூஸ் இல்லாத மாடி.
எந்தத் தெருவும் என் பெயரை
முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை.
ஏங்குவதற்கென்று எனக்கு ஒரு தெரு கிடையாது,
அதனால்
அடுத்தவர்களுடையதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.
அவர்கள் கணக்கில் குறைந்த மாதிரி தெரியவில்லை.

கடைசி எபிசோடை மட்டும் திறப்பதில்லை.
எல்லாக் கதையிலும் முடிவில் வீட்டைக் காலி செய்கிறார்கள்.
சாக்கு கட்டுவதைப் பார்க்கவா
நான் ராத்திரி முழித்திருக்கிறேன்.

மே மாதம். பெங்களூரா மாங்காய் லோடு
கூழ் ஃபேக்டரிகளைத் தேடி ஊர்கிறது.
நடுவே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் டிரெய்லர்,
இரண்டு அடுக்காய்ப் புதுக் கார்கள்,
கதவுகளில் வெள்ளை பிளாஸ்டிக்.
கொரியாக் கம்பெனிதான், ஆனால்
இவற்றுக்கு ஞாபகமே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் ஒரு இன்னோவா.
டேக்கில் பணம் இல்லை.
டிரைவர் குனிந்து பர்ஸ் தேட,
பின்கண்ணாடி இறங்கியது.
அறுபது வயது இருக்கும். ஓசூரில்
ஏதோ ஃபேக்டரிக்கு வந்தவர் போல.
தெரிந்த முகம் எனக்கு:
போட்டோ ஸ்டூடியோ வாசலில்
சைக்கிளைச் சாய்த்துக் காத்திருந்த பையன்,
முப்பத்தைந்து வருடம் கழித்து.

வாய் முந்திக்கொண்டது.
"பாப் மொகொஸ்ஸோ?"
சாப்டாச்சா.

சொன்ன பிறகுதான் உறைத்தது,
கடைசியில் ஒரு யோ போட வேண்டும்.
அங்கே யோ என்றால் மரியாதை.
இங்கே யோவ் என்றால்
திம்மராயன் வந்து விலக்க வேண்டியிருக்கும்.
அந்தப் பயத்தில் நாக்கு விழுங்கிவிட்டது போல.
யோ இல்லாமல் கேட்டால்
கூடப் படித்தவன், ஒரே தெருக்காரன்,
மழையில் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன்
என்று அர்த்தம்.

அவர் என்னைப் பார்த்தார்.
என் பெயர்ப் பட்டையைப் பார்த்தார்,
நாகவேணி என்று வாசிக்கத் தெரியாமல்.
பின்னால் மாங்காய் லாரி ஹாரன் அடித்தது.

"ஓ," என்றார். "மொகொஸ்ஸோ."
அவரும் போடவில்லை.

கட்டை தூக்கியது.
ராயக்கோட்டை ரோட்டு வெளிச்சம் வரை
சிவப்பு விளக்கு இரண்டும் தெரிந்தன.

"யாருடி, தெரிஞ்சவரா?"
ருக்சானா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காலையில் கணக்கு ஒப்படைக்கும்போது
கொடுக்க மறந்த ரசீது ஒன்று
என் சில்லறை டப்பாவில் கிடந்தது.
இரட்டைக் கட்டணம், மணி 3.07.
"இது எந்த வண்டி?" என்றார் திம்மராயன்.
தெரியலை சார் என்று
பையில் போட்டுக்கொண்டேன்.