பச்சைக் கிண்ணம்

மெயின் மாநிலத்தின் வடக்கு விளிம்பில்
நூற்றுப் பதினெட்டுத் தபால் பெட்டிகள் என் பாதை.
ஊரே இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகையில்
என் சுபாருவுக்கு மட்டும் ஸ்டியரிங் வலப்பக்கம்,
கையை நீட்டினால் பெட்டி.
மூன்று லட்சத்துப் பதினோராயிரம் மைல்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒதுங்கணும், விலகணும்.
நாளுக்கு இருநூற்று முப்பத்தாறு திருப்பம்.
அக்டோபரில் ஆரம்பித்தது:
டக். டக். டக்.
முன்சக்கரத்துக்குள் யாரோ உட்கார்ந்து
அவசரமில்லாமல்
வாதுமைக் கொட்டை உடைப்பது போல.

கடையில் புத்தம்புதிதாகத்தான் கொடுத்தார்கள்,
அட்டைப் பெட்டியில் கழுகுப் படம்,
அறுபத்தெட்டு டாலர், ஆயுள் உத்தரவாதம்.
முதல் அச்சு நன்றித் திருநாள் வரை தாங்கியது.
இரண்டாவது ஐந்து வாரம்.
மூன்றாவது, மாட்டிய அன்றே,
சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றால்
என் பற்களோடு சேர்ந்து ஆடியது.

"நாலாவதும் இலவசம்தான்" என்றான்
கல்லாவில் கோல்பி, முகமெல்லாம் சிரிப்பு.
நல்ல பையன்.
யாருடைய ஆயுள் என்று அவனிடம் கேட்டு என்ன பயன்?
பனியில் அட்டையை விரித்து
மல்லாந்து கிடந்த என் ஞாயிறுகளுக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

வெர்னா லவாஸரின் பழைய இரும்புக் கிடங்கில்
கதவுக் கைப்பிடி உயரத்துக்குப் பனி.
"உள்மூட்டுக் கிண்ணம் பச்சையா இருந்தா
கம்பெனியில பிறந்தது.
கறுப்பா இருந்தா தொடாதே,
உன் கழுகோட தம்பி" என்று சொல்லி
மண்வெட்டியைக் கையில் திணித்து
அடுப்பருகே போய்விட்டாள்.

ஒன்பது சுபாரு.
ஒவ்வொன்றாகத் தோண்டினேன், டார்ச் அடித்தேன்.
கறுப்பு.
கறுப்பு.
அடுத்ததில் அச்சே இல்லை,
எனக்கு முன்னால் எவனோ புத்திசாலி.
பச்சை, ஆனால் ரப்பர் கிழிந்து உள்ளெல்லாம் மணல்.
கறுப்பு.

ஆறாவது, மூஸ் மான் மோதி மூக்கு மடங்கியது.
வைப்பரில் இன்னும் நாலைந்து பழுப்பு மயிர்.
பின்சீட்டில் ஒற்றைக் குழந்தைக் கையுறை.
கீழே, துருவுக்கும் பனிக்கும் நடுவே,
பாசி போல மங்கி,
பச்சை.

ஆணி ஒன்றைக் கழற்ற நாற்பது நிமிடம்.
விரல் நீளம்கூட இல்லை அது,
அதற்குள் இருந்தது இருபத்தைந்து குளிர்காலத்துப் பிடிவாதம்.
நான் திட்டியதெல்லாம்
பிரெஞ்சு; எனக்கே தெரியாமல் வந்தது.

ஜோடி முப்பது டாலர்.
"ரசீது கிடையாது. கேட்டைத் தாண்டினா
அது உன் பிள்ளை" என்றாள் வெர்னா.

இரவு சமையல் மேசையில் பழைய செய்தித்தாள்.
ராய்ஸ் தட்டை மடிக்கு மாற்றிக்கொண்டான்,
ஒன்றும் கேட்கவில்லை.
கறுத்த கிரீஸை வழித்தேன்.
ஆறு எஃகுக் குண்டுகள்.
விளக்கில் பிடித்தால்
ஒவ்வொன்றிலும் என் மூக்கு, வளைந்து, பெரிதாக.
புது கிரீஸ், புது உறை, புதுப் பட்டை.
சூப்பில்கூட அந்த வாசனை என்றான் கடைசியில்.

திங்கட்கிழமை முதல் பெட்டியில் திருப்பினேன்.
காது தானாகவே காத்திருந்தது.
ஒன்றும் வரவில்லை.
சரளைக் கல், ஹீட்டர், என் மூச்சு.
இப்படி ஒரு வண்டியா என்னிடம் இருந்தது?

தொண்ணூற்றொன்றாம் வீட்டு நாய்
நான் போன பிறகு எழுந்து குரைத்தது,
பிந்திவிட்ட வெட்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே.

எழுபத்துமூன்றில் மட்டும்
மூன்று நாளாக ஆல்டன் க்ராக்கெட்டைக் காணோம்.
வழக்கமாகத் தகவல் கடிதத்தோடு
வாசற்படியில் நிற்பவர்.
வியாழனன்று கண்ணாடியில் பார்க்கிறேன்,
வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவருகிறார்,
கையில் மூன்று கடிதம், மூன்று நாளுடையது.

"சத்தம் போட்டுட்டே வருவியே,
என்ன ஆச்சு?"

அச்சு மாற்றியதைச் சொன்னேன், பெருமையாகவே.
பச்சைக் கிண்ணம் பற்றியும்.
இனி இதுதான் என்று ஹாரனை இரண்டு தரம் அழுத்தினேன்.

முகம் சுளித்தார்.
"அது வேண்டாம்" என்றார்,
"அது எல்லார் வண்டியிலயும் இருக்கு."