வலது வளைவில் கூடும் சத்தம்

குஞ்சப்பனை செக்போஸ்ட் வரைக்கும் ஒன்றுமில்லை.
அதற்குக் கீழே, நாற்பதைத் தொட்டால் ஒரு முனகல்.
மேட்டுப்பாளையம் தாண்டி எண்பதில்
மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி.

இரண்டாயிரத்து ஐந்து ஸ்கார்ப்பியோ.
எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டியது.
செவ்வாயும் வெள்ளியும் விடிகாலை நாலரைக்கு
கோத்தகிரியிலிருந்து கோவைக்கு,
ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்கு.
முன் சீட்டில் போஜன் அண்ணன், கால் வீக்கம்.
நடுவில் ஸ்டெல்லா டீச்சர்,
ஊசி ஏறும் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு.

'சத்தம் கேக்குதா டீச்சர்?'
'வண்டின்னா சத்தம் வரத்தானே செய்யும்.'
போஜன் அண்ணன் அரவேணுவிலேயே தூங்கிவிட்டிருந்தார்.

டயராக இருக்கும் என்று
முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினேன்.
சத்தம் இடம் மாறவில்லை.
பிறகு கவனித்தேன்:
வலப்பக்கம் திரும்பும் வளைவில் கூடுகிறது,
இடப்பக்கம் திரும்பினால் வாயை மூடிக்கொள்கிறது.
பாரம் எந்தத் தோளில் விழுகிறதோ
அந்தத் தோள்தானே முனகும்.
முன் இடது.

டானிங்டனில் சந்தனராஜ்
கழற்றிப் பின்னால் போட்ட பழைய முன் டயரைத்தான்
முதலில் தொட்டான்.
உள்ளிருந்து வெளியே தடவினால் வழுவழுப்பு.
வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பம்.
குனிந்து உள் விளிம்பைப் பார்த்தான்.
'அண்ணே, இங்க வாங்க.'
கம்பி தெரிந்தது.

வெளிப்பக்கம் பட்டன் அப்படியே இருக்கிறது.
தினமும் துணி போட்டுத் துடைத்துவிட்டு
நான் பார்ப்பது அந்தப் பக்கம் மட்டும்தான்.

ஜாக்கி ஏறியது.
சக்கரத்தின் தலையும் அடியும் பிடித்து ஆட்டினான்: டக்.
'பிரேக்க மிதிங்க.'
மிதித்தேன். டக் இல்லை.
'அப்ப பேரிங்தான். பால் ஜாயிண்ட் தப்பிச்சுது.'
மிதித்தபடியே இருக்கச் சொல்லி
இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினான்.
சின்னதாக ஒரு டிக்.
'இது டை ராட் எண்ட். டயரத் தின்னவன் இவன்.
சத்தம் போட்டவன் வேற, திருடினவன் வேற.'

ஸ்பிரிங் மேல் என் விரலை வைக்கச் சொல்லிச்
சக்கரத்தைக் கையால் சுற்றினான்.
காதுக்கு ஒன்றும் வரவில்லை.
விரலுக்குள் மணல் அரைபட்டது.

'எங்கயாச்சும் பலமா இறக்கிட்டீங்களா?'

ஆடி மாத மழை. மண் சரிந்து
ஒற்றைப் பாதையில் ஒரு மணி நேரம்.
ஏழரைக்கு மெஷினில் படுக்காவிட்டால்
அடுத்தவருக்குப் போய்விடும் படுக்கை.
தண்ணீர் நிறைந்த குழி. ஆழம் தெரியவில்லை.
ஒதுக்க இடம் இருந்தது, நேரம் இல்லை.
போஜன் அண்ணன் தலை கண்ணாடியில் இடித்தது.
'பரவால்ல, போ' என்றார்.

'இல்லையே' என்றேன் சந்தனராஜிடம்.
அவன் கிரீஸ் கையோடு என்னைப் பார்த்துவிட்டு
சுத்தியலைத் தேடினான்.
வெளியே வந்த உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன.
நாலாயிரத்து அறுநூற்றைம்பது, பாதி இப்போது.
புது டயர் ஒரு ஜோடி, அது தனிக் கடன்.
அலைன்மெண்ட் கீழே பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை.
குஞ்சப்பனை தாண்டி நாற்பது. ஐம்பது.
எதுவுமே இல்லை.
துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வண்டி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தேன், நேராகப் போனது.

'தூக்கம் வர மாட்டேங்குது தம்பி' என்றார் போஜன் அண்ணன்.

அப்புறம்தான் கேட்டது.
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே
சின்னதாக ஒரு நீர்க் கொப்பளிப்பு.
எத்தனை வாரமாக இருக்கிறதோ.
வலது வளைவு வந்தது.
அவர் உடம்பு கதவுப் பக்கம் சாய்ந்தது.
நான் கேட்டுக்கொண்டே திருப்பினேன்.

கண்ணாடியில் டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் டீச்சரைப் பார்த்தேன்.
அவர் சால்வையிலிருந்து கையை எடுத்து
ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினார்.
காற்று இரைந்துகொண்டு உள்ளே வந்தது.