ஆகுபெயர்

டுலூத் நகரில் பிப்ரவரி. ஏரி கல்லாய்க் கிடந்தது.
நகராட்சி ஆள் வந்து, கதவைத் தட்டாமலே,
எரிவாயுக் குழாயைத் திருகி மூடிவிட்டுப் போனான்.
லெம்பி ரவுட்டியோ பணம் கட்டியிருந்தாள்.
ரசீது ரொட்டி டப்பாவில் இருந்தது.
நாற்பத்தொன்றை நாற்பத்தேழு என்று
யாரோ ஒரு குமாஸ்தாவின் பேனா எழுதியிருந்தது,
அவ்வளவுதான்.

அன்றிரவு வெடித்த தண்ணீர்க் குழாயை
ஆர்வோ தன் கோட்டைக் கழற்றிச் சுற்றினான்.
இருமல் அப்போது தொடங்கியது.

ஏழு ஆண்டுகள். மூன்று நீதிமன்றங்கள்.
வாஷிங்டனில், பளிங்கு மண்டபத்தில்
ஒன்பது கறுப்பு அங்கிகள்.
ஒரு நீதிபதி கேட்டார்:
"முன்பே விசாரித்திருந்தால் அந்தப் பெண்
என்னதான் சொல்லியிருப்பார்?"
வக்கீல் பாதி லத்தீனில் பதில் சொன்னார்.
பின்வரிசையில் லெம்பி
கைப்பைக்குள் ரசீதைத் தொட்டபடி இருந்தாள்.
அவளை யாரும் கேட்கவில்லை.

ஐந்துக்கு நான்கு.
பறிக்கும் முன் கேள், என்றது தீர்ப்பு.
அதைக் கேட்க ஆர்வோ இல்லை.

அவள் பெயர் முதலில் வழக்கானது,
பிறகு வழக்கில் வந்துவிட்டது.
"இதில் ரவுட்டியோ இருக்கிறதா?" என்கிறார்கள்
இளம் வக்கீல்கள் தொலைபேசியில்,
காய்ச்சல் இருக்கிறதா என்பதுபோல.

நேற்று தபாலில் தண்ணீர் பில். இறுதி அறிவிப்பு.
அடியில் பொடி எழுத்தில்:
ரவுட்டியோ தீர்ப்பின்படி, இணைப்பைத் துண்டிக்கும் முன்
உங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு.
மேலே, முகவரியில், அவள் பெயரில்
ஓர் எழுத்துப் பிழை.

இந்த முறை பாக்கி உண்மைதான்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்,
சொல்வதற்கு.